மனநோயும் கைப்பேசியும்

ஆசிரியரின் கையில் உள்ள கருவிகள் யாவை என்று கேட்டால், கரும்பலகை, சுண்ணக்கட்டி, பாடநூல், பூகோளப் படம் என்று நீங்கள் அடுக்குவீர்கள். வருகைப் பதிவேட்டை ஒருவரும் சொல்லமாட்டீர்கள். 35 ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை எழுதியும் மேற்பார்த்தும் வந்தவன் நான். ஒரு மாணவனுடைய பெயருக்கு நேரே ஓடும் அந்த ஒற்றை வரி அவனைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்லும். திங்கட்கிழமைதோறும் வராதவன் யார், அறுவடைக் காலத்தில் நின்றுவிடுபவன் யார், மழை பெய்தால் மட்டும் தாமதமாக வருபவன் யார் என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் ஏன் வரவில்லை என்பதை மட்டும் அது சொல்லாது. அதை ஆசிரியரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1996-ஆம் ஆண்டில் எனது பதினோராம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டா. மணி அடிப்பதற்கு அரைமணி முன்னரே வந்து கரும்பலகையைத் துடைத்து வைப்பான். கணிதத்தில் அவனுக்கு நிகர் அவனே. பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபின் அவனுடைய வரி மாறிற்று. மூன்று வாரங்களில் பதினொரு நாள் தாமதம். முன்வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனான். நண்பர்களோடு அமர்ந்து உண்பதை நிறுத்தினான். இவற்றை நான் காணவில்லை என்று சொல்வதற்கில்லை. என் கையெழுத்திலேயே பதிவாகியிருந்தன. கண்டு யான் செய்தது என்ன? அவனை வகுப்பிற்கு வெளியே நிற்க வைத்தேன். சோம்பல் என்றும் தேர்வச்சம் என்றும் முடிவு கட்டினேன். நான்காம் வாரத்தில் அவன் வரவேயில்லை. வகுப்பு முழுவதும் தன்னைக் கொல்லச் சதி செய்கிறது என்று நம்பி, இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடியவனை, மூன்று நாட்களுக்குப் பின் வேறோர் ஊரின் இரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். மருத்துவர் அந்த நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார்.

மருந்தினால் அவன் நலம் பெற்றான். ஈராண்டு கழித்து, நலமாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரைகளை நிறுத்தினான், நோய் திரும்பிற்று. அப்பொழுது அவனைப் பார்க்கச் சென்ற என்னிடம் அவன் தாயார், “பதினைந்து நாளாய் இரவில் உறக்கம் இல்லை, வாத்தியாரையா. விளக்கை அணைக்க விடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை” என்றார். அந்தப் பதினைந்து நாட்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நோய் திரும்புமுன் வரும் அந்தச் சில நாட்களைக் கைப்பேசியின் துணைகொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிவோம். மனச்சிதைவு என்னும் பெயரைக் கேட்டு, ஒருவருக்குள் இருவர் குடியிருப்பது போலும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. இல்லாத குரல்கள் காதில் விழுதல், பிறர் தீங்கு செய்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, எண்ணங்கள் தொடர்பின்றிச் சிதறுதல், ஊக்கமும் பேச்சும் குன்றுதல் ஆகியவையே அதன் இயல்புகள். 1908-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இன்று வழங்கும் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்னும் பெயரை இட்டார். 1952-இல் பாரிஸ் நகரத்தில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்து இத்தகைய நோயாளிகளுக்குப் பயன் தருவதை எடுத்துக் காட்டினார்கள். அதன் பின்னரே, வாழ்நாள் முழுவதும் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தோர் பலர் வீடு திரும்பும் காலம் பிறந்தது. இன்று உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கின்றனர்.

வீடு திரும்பியவர்களுக்கு உள்ள பெரிய இடர், நோய் மீள்வது. நியூயார்க்கில் முதன்முறை நோயுற்றுத் தேறியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் நூற்றுக்குச் சுமார் 80 பேருக்கு ஒருமுறையேனும் நோய் மீண்டதாகக் கண்டனர். மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. நோய் மீளும் ஒவ்வொரு முறையும் படிப்போ வேலையோ நின்றுபோகிறது, திருமணம் முறிகிறது, கடன் ஏறுகிறது, சிலர் உயிரையே இழக்கின்றனர். ஆகவே, நோய் மீளுமுன் தடுப்பது மிகப் பெரிய உதவி என்பது சொல்லாமலே விளங்கும்.

தடுக்க வேண்டுமானால், வருவதை முன்னரே அறிய வேண்டும். அதற்கு வழி உண்டா? உண்டு. பெரும்பாலும் இந்நோய் ஒரே இரவில் இடிபோல் விழுவதில்லை. 1980-இல் ஹெர்ஸ், மெல்வில் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் நேரில் கேட்டனர். நோய் மீளுமுன் மாறுதலைக் கண்டதாக நோயாளிகளுள் நூற்றுக்குச் சுமார் 70 பேரும், குடும்பத்தாருள் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டோரும் விடை கூறினர். உறக்கக் குறைவு, பதற்றம், உணவில் நாட்டமின்மை, மனம் ஒன்றாமை என்பன அவர்கள் சொன்ன மாறுதல்கள். என் மாணவனின் தாயார் கண்டவையும் இவையே அல்லவா? ஆனால் மருத்துவரோ நோயாளியை மாதம் ஒருமுறை, அதுவும் சில நிமிடங்களே பார்க்கிறார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்பது அவர் கேள்வி, “நன்றாக இருக்கிறேன்” என்பது நோயாளியின் விடை. இடைப்பட்ட இருபத்தொன்பது நாட்களின் கதை அறைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் கைப்பேசி வருகிறது. ஸ்மார்ட்போன் என்று நாம் வழங்கும் அக்கருவி பேசுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. அதனுள் சிறுசிறு உணர்விகள் பல உள்ளன. செயற்கைக்கோள்களின் குறிகளைக் கொண்டு இருக்குமிடத்தை அறியும் ஜி.பி.எஸ். ஒன்று. அசைவையும் நடையையும் உணரும் முடுக்கமானி மற்றொன்று. சுற்றியுள்ள வெளிச்சத்தை அளப்பது இன்னொன்று. திரை எப்பொழுது ஒளிர்ந்தது, எப்பொழுது அணைந்தது, எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை சென்றன என்னும் கணக்கும் அதில் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், ஒருவர் எத்தனை மணிக்கு உறங்குகிறார், எவ்வளவு தூரம் நடமாடுகிறார், பிறரோடு எவ்வளவு பழகுகிறார் என்பவற்றை ஓரளவு உய்த்துணரலாம். இத்தோடு, “இன்று உறக்கம் எப்படி? குரல்கள் கேட்டனவா?” என்பன போன்ற சிறு வினாக்களும் திரையில் தோன்றும், நோயாளி விரலால் தொட்டு விடை தருவார். முன்னது தானே திரளும் செய்தி; பின்னது அவர் விரும்பித் தரும் செய்தி.

கணக்கு எவ்வாறு நடக்கிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். இங்கே ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதில்லை. அவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள். நாள்தோறும் நள்ளிரவு வரை விழித்திருந்து தையல் வேலை செய்பவருக்கு நள்ளிரவு விழிப்பு இயல்பு. ஒன்பது மணிக்கே உறங்கிவிடும் ஆசிரியருக்கு அஃது இயல்பன்று. ஆகவே சில வாரங்கள் கவனித்து, ‘இவருடைய வழக்கமான நாள் இப்படி’ என்று ஓர் எல்லையை முதலில் வகுக்கிறார்கள். பின்னர் அவ்வெல்லைக்கு அப்பால் செல்லும் நாட்களை ‘முரண் நாட்கள்’ என்று குறிக்கிறார்கள். நல்ல வகுப்பாசிரியர் செய்வதும் இதுவே. வாயாடி ஒருவன் பேசாமல் இருந்தால் அவர் கவலைப்படுவார். இயல்பிலேயே பேசாதவன் பேசாதிருந்தால் கவலைப்படமாட்டார்.

நியூயார்க்கில் சக்கர் ஹில்சைடு மருத்துவமனையின் நோயாளிகளைக் கொண்டு ‘கிராஸ்செக்’ என்னும் ஆய்வு நடந்தது. அவர்களுக்குக் கைப்பேசி கொடுத்து 12 மாதங்கள் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவமனையில் மீண்டும் சேர நேர்ந்த ஐவரின் வரலாற்றை டிரோர் பென்-சீவ் என்பவரும் அவருடைய தோழர்களும் 2017-இல் விரித்து எழுதினர். ஒருவருக்கு வந்த குறி மற்றவருக்கு வரவில்லை. சிலர் தாம் அளித்த விடைகளிலேயே துன்பத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு நடமாட்டம் குறைந்தது. சிலர் செல்லும் இடங்கள் மாறின. இரவில் கைப்பேசியை மிகுதியாகப் பயன்படுத்தியதும் ஒரு குறியாயிற்று. கைப்பேசியையே முற்றிலும் கைவிட்டதும் ஒரு குறியாயிற்று. மௌனமும் ஒரு செய்தி என்பதை இதனால் அறிகிறோம்.

அடுத்த ஆண்டு, அதாவது 2018-இல், பார்னெட், டோரஸ், ஒன்னெலா முதலியோர் பாஸ்டன் நகரில் 17 நோயாளிகளை மூன்று மாதங்கள் வரை கவனித்த சிறிய ஆய்வை வெளியிட்டனர். நோய் மீள்வதற்கு முந்திய இரண்டு வாரங்களில், முரண் நிகழ்ச்சிகள் மற்றக் காலத்தைவிட 71 விழுக்காடு மிகுதியாய் இருந்தன என்று கண்டனர். நூற்றுக்கு 71 நோயாளிகளை முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வழக்கமான காலத்தில் 100 முரண்கள் நிகழும் அளவான காலத்தில், நோய்க்கு முன் 171 நிகழ்ந்தன என்பதே பொருள். வழக்கமான காலத்திலும் அந்த நூறு இருந்தன என்பதை மறத்தலாகாது. பின்னர் பாஸ்டன், பெங்களூரு, போபால் ஆகிய மூன்று நகரங்களில் ஒரே முறையில் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. நமது நாட்டின் நிம்ஹான்ஸ் நிறுவனமும், சங்காத் என்னும் தொண்டு நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. முரண் நாட்களுக்கும் நோய் மீள்வதற்கும் தொடர்பு உண்டு என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் இன்றும் இது பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

தொடர்பு உண்டு என்றபின் தயக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. நூறு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் அவர்களுள் 4 பேருக்கு நோய் மீளப்போகிறது. நம் கருவி அந்த நால்வருள் மூவரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. எஞ்சிய 96 பேருள் எட்டில் ஒருவர் விஷயத்தில் தவறாக மணி அடிக்கிறது. அதாவது 12 பேர். ஆக, மணி அடித்தது 15 முறை. மெய்யான மணி 3. பொய்யான மணி 12. கருவி திறமையானதுதான். ஆனாலும் அது ஐந்து முறை மணி அடித்தால், ஒருமுறையே உண்மை. அரிதாக வரும் நிகழ்ச்சியை முன்னறிந்து கூறுவதில் எப்பொழுதும் உள்ள சங்கடம் இது. நால்வருள் ஒருவரை அது காணவே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பொய்மணி ஏன் அடிக்கிறது? வாழ்க்கை நோயினால் மட்டும் மாறுவதன்று. தங்கைக்குத் திருமணம் என்றால் ஒரு வாரம் உறக்கம் இராது. காய்ச்சல் என்றால் நடமாட்டம் இராது. ஒரே கைப்பேசியை வீட்டில் மூவர் பயன்படுத்தினால், நள்ளிரவில் திரையைத் தொட்டவர் யார் என்று கருவி அறியாது. மின்கலம் தீர்ந்து கிடந்த நாளும், மனம் ஒடுங்கிக் கிடந்த நாளும் அதன் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றலாம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது கோடிக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இடத்தை மட்டும் அளக்கும் கருவி ஊர் முழுவதும் ஒடுங்கிவிட்டது என்றுதானே எண்ணும்? வருகைப் பதிவேட்டின் கதையே இங்கும். என்ன நடந்தது என்பதை அது சொல்கிறது. ஏன் நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

ஆகையால் இந்தக் கருவியின் நன்மை தீமை, மணி அடித்தபின் மனிதர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அமையும். பதினைந்து பேருக்கும் ஒரு செவிலியர் தொலைபேசியில், “நலமா? உறக்கம் வருகிறதா? மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிருவருக்கு அதனால் கேடில்லை. தம்மை நினைத்து ஒருவர் கேட்டாரே என்ற மகிழ்ச்சிகூட உண்டாகலாம். மூவருக்கோ அது பேருதவி. மாறாக, மணி அடித்ததும் வலிந்து பிடித்துச் சென்று அடைப்பதென்றால், பன்னிருவர் குற்றமின்றித் தண்டனை பெறுவர். முதலாளிக்குச் செய்தி போய் வேலை போகும் என்றாலும் அப்படியே. தன்னைப் பிறர் வேவு பார்க்கிறார்கள் என்ற அச்சமே இந்நோயின் ஓர் இயல்பு என்று முன்னர்ச் சொன்னேன். நோயாளி அறியாமல் அவர் கைப்பேசியைக் கவனித்தால், அந்த அச்சத்தை நாமே மெய்யாக்கியவர் ஆவோம். 1996-இல் என்னிடம் இருந்ததும் ஒரு மணிதான். பதினொரு நாள் அது தவறாமல் அடித்தது. அதைக் கேட்டு நான் செய்த செயலே தவறு.

சட்டமும் இவ்வழியே நிற்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைப் பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. அது மட்டுமன்று. ஒருவர் நலமாய் இருக்கும்பொழுதே, பின்னர் நோய் மிகுந்தால் தமக்கு எவ்வகை மருத்துவம் வேண்டும், எவ்வகை வேண்டா என்று எழுதி வைக்கவும், தமக்காகப் பேசுபவர் ஒருவரைக் குறிப்பிடவும் அதில் இடம் உண்டு. எந்தெந்தக் குறிகளைக் கவனிக்கலாம், யாருக்குத் தெரிவிக்கலாம், எப்பொழுது நிறுத்திவிட வேண்டும் என்பவற்றை நோயாளியே முன்கூட்டி முடிவு செய்வதுதான் கைப்பேசி ஆராய்ச்சிக்கும் ஏற்ற நெறி.

என் மாணவனுக்கு இப்பொழுது நாற்பதைக் கடந்த வயது. தன் மைத்துனருடைய அச்சகத்தில் கணக்கு எழுதுகிறான். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபொழுது, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினான். அவன் கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன: இரண்டு இரவு தொடர்ந்து உறங்காவிட்டால், நாளிதழ் படிப்பதை நிறுத்தினால், அக்காளோடு பேச மறுத்தால். கீழே, ‘அக்காள் என்னிடம் முதலில் சொல்லட்டும். பிறகு டாக்டரிடம் சொல்லட்டும்’ என்று எழுதியிருந்தது. கைப்பேசி ஆராய்ச்சியைப் பற்றி அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “நல்லதுதான், சார். என்னைக் கவனிக்கட்டும். ஆனால் எனக்குத் தெரியாமல் கவனிக்க வேண்டாம்” என்றான். அவனை வெளியே நிற்க வைத்த நாட்களுக்காக அன்று மன்னிப்புக் கேட்டேன். “அந்த வயதில் எனக்கே புரியவில்லையே, சார்” என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் கணிப்பொறி வல்லுநராகி இத்தகைய கருவிகளைச் செய்வீர்கள். கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும், அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாதீர்கள். மற்றவர்களுக்கும் இன்றே செய்யத்தக்க பணி உண்டு. உங்கள் வகுப்பில், விடுதியில், பக்கத்து இருக்கையில் ஒருவருடைய வழக்கம் மாறுவதைக் கண்டால், எள்ளாதீர்கள், ஒதுக்காதீர்கள், அருகே சென்று, “என்ன செய்தி?” என்று கேளுங்கள். கேட்டும் உங்களால் இயலாதபொழுது நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்று எந்தத் தாயும் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டிய நிலை இனி வரலாகாது.